பெட்டிக்கு முன்னால் மொட்டை மாடி

(கல்வி நிறுவனத் தாளாளர்கள், முதல்வர்கள், கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் தலைப்பை ‘வளாகக் கட்டடங்களை இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ்: எந்தக் கருவியை வாங்குவது?’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். சிலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஒரு கம்பெனிப் பெயர், ஒரு மாடல் எண், தோராயமாக ஒரு விலை, இந்த மூன்றும் கிடைத்தால் சாப்பாட்டுக்கு எழுந்துவிடலாம் என்ற கணக்கு. கம்பெனிப் பெயர்களும் வரும், கடைசியில் வரும். அதற்குள் உங்களை மொட்டை மாடிக்கு ஏற்றாமல் விடப்போவதில்லை.

முதலில் ஒரு கேள்வி. இணைக்க வேண்டிய இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கும் நிலம் யாருடையது? உங்களுடையதே என்றால் இந்தச் சொற்பொழிவு உங்களுக்கு வேண்டாம். பள்ளம் தோண்டி, எச்.டி.பி.இ. குழாய் பதித்து, சிங்கிள் மோட் ஃபைபர் போட்டுவிடுங்கள். ஆறு கோர் கேட்டால் பன்னிரண்டு கோராகப் போடுங்கள். செலவில் பெரும்பகுதி பள்ளத்துக்குத்தான், இழைக்கு அல்ல. ஒரு முறை போட்டால் இருபது ஆண்டுக்கு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வேகம் கூட்ட வேண்டுமென்றால் இரு முனையிலும் மாட்யூலை மாற்றினால் போதும். வயர்லெஸ் லிங்க் போட்டுப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

பல வளாகங்களில் ஃபைபரும் இல்லை, வயர்லெஸ்ஸும் இல்லை. கேட் 6 கேபிளை மாடியிலிருந்து மாடிக்கு, நடுவில் ஒரு தென்னை மரத்தில் முடிச்சுப் போட்டு இழுத்திருப்பார்கள். கேபிளின் எல்லை 100 மீட்டர். ஆனால் உண்மையான சிக்கல் தூரம் அல்ல. இரண்டு கட்டடத்துக்கும் எர்த்து தனித்தனி. பக்கத்தில் எங்கோ இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடு ஓடுவதற்கு நீங்கள் செம்புக் கம்பியில் வழி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் ஸ்விட்சில் பாதி போர்ட் செத்திருக்கும். ஃபைபரிலும் வயர்லெஸ்ஸிலும் இந்த வழியே கிடையாது.

ஆக, வயர்லெஸ் எப்போது வேண்டும்? நடுவில் நெடுஞ்சாலை போகிறது, ரயில் பாதை போகிறது, வாய்க்கால் இருக்கிறது, அல்லது தோப்புக்காரர் பள்ளம் தோண்ட விடமாட்டேன் என்கிறார். விடுதி சாலைக்கு அந்தப் பக்கம், கல்லூரி இந்தப் பக்கம். சாலையைக் கடக்க அனுமதி வாங்குவதற்குள் இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியேறிவிடுவார்கள். அப்போது வயர்லெஸ்தான்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தீவு தீவாகச் சிதறிக் கிடந்தன. கணினி ஹொனலுலுவில். தொலைபேசி வழி இணைப்பு விலையும் அதிகம், தரமும் மோசம். நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் ஒரு குழு ரேடியோவிலேயே இணைத்துவிடலாம் என்று இறங்கி, 1971-ல் அலோஹாநெட்டை ஓடவிட்டது. எல்லா முனையங்களுக்கும் பொதுவாக ஒரே அலைவரிசை. தகவல் இருப்பவர் அனுப்புவார். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள். இதைப் படித்த பாப் மெட்கால்ஃப் அந்த யோசனையைத் திருத்தி, ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் கேபிளுக்குள் கொண்டுவந்தார். உங்கள் மேசைக்கு அடியில் சொருகியிருக்கும் ஈதர்நெட் அப்படிப் பிறந்ததுதான். தீவுகளுக்கு இடையே ரேடியோவில் ஓடியதிலிருந்து கம்பி பாடம் படித்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 2006 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, சுற்றியிருந்த சிற்றூர்களின் பார்வை மையங்களோடு வைஃபை வழியாக இணைத்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த, எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக் குழு மருத்துவமனையோடு சேர்ந்து செய்த வேலை. ஆண்டிப்பட்டியில் இருக்கும் நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசுவார். லிங்க்குகளின் நீளம் 1 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. நீங்கள் சாலையைத் தாண்டி 400 மீட்டர் இணைக்கக் கேட்கிறீர்கள். அவர்கள் பட்ட பாட்டில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்றை இப்போது சொல்கிறேன், மற்றதைப் பிறகு.

சாதாரண வைஃபை, பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் பேசும். பேசிவிட்டு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். ஒரு அறைக்குள் இது பிரமாதமாக நடக்கும். பதினைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பதில் வந்து சேர நேரமாகும். வரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒரே கோபுரத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்று பேசுவது மற்றொன்றின் காதை அடைக்கும். அந்தக் குழு வன்பொருளை மாற்றவில்லை. கடையில் கிடைக்கும் வைஃபை கார்டையே வைத்துக்கொண்டு பேசும் முறையை மட்டும் மாற்றியது. நீ இவ்வளவு நேரம் பேசு, பிறகு நான் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று முறை வைத்தது. வைல்ட்நெட் என்ற பெயரில் 2007-ல் அதை வெளியிட்டபோது, சாதாரண வைஃபையைவிட இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வேகம் கிடைத்ததாகக் காட்டினார்கள். இன்று டீலர் கொடுக்கும் விவரத்தாளில் ‘டி.டி.எம்.ஏ.’ என்று ஒரு வரி இருந்தால், அது இந்த முறைவைப்புதான்.

இரண்டே கட்டடம், 400 மீட்டர் என்றால் அது இல்லாமலும் ஓடும். ஆனால் நிர்வாகக் கட்டடத்து மாடியிலிருந்து நான்கு விடுதிக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நான்கு ஆன்டெனாவும் நிர்வாகக் கட்டடத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காது. கேட்டுப் பேசும் முறை அங்கே படுத்துவிடும். பகலில் சோதித்தபோது நன்றாக ஓடியது, ராத்திரி ஒன்பது மணிக்கு நகரவே இல்லை என்பார்கள். நான்கு விடுதியும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும் நேரம் அது. ஒன்றிலிருந்து பலவற்றுக்குக் கொடுப்பதாக இருந்தால் டி.டி.எம்.ஏ. கட்டாயம். ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தனக்கென்று ஒரு விதமாகச் செய்திருப்பதால், எல்லா முனையும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும்.

சரி, மொட்டை மாடிக்கு ஏறுவோம். எதிர்க் கட்டடம் தெரிகிறதா? தெரிகிறது என்பார்கள். எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்து, ஒரு வெள்ளரிக்காயைப் போல இடம் எடுத்துக்கொள்ளும். ஃப்ரெனல் மண்டலம் என்று அதற்குப் பெயர். 5.8 கிகாஹெர்ட்ஸில் 400 மீட்டர் லிங்க்குக்கு நட்டநடுவில் அதன் ஆரம் சுமார் இரண்டேகால் மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 3.6 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த கட்டடத்தின் சின்டெக்ஸ் தொட்டியை உரசிக்கொண்டு கோடு போகிறது என்றால் கண்ணுக்குத் தெரியும், லிங்க்குக்குத் தெரியாது. கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடிக்காமல் இரண்டு மீட்டர் ஜி.ஐ. பைப் நட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிச் சிக்கல் மரம். மாசி மாதத்தில் வேம்பு இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து ஆட்கள் வந்து லிங்க் மாட்டுவார்கள். எல்லாம் அருமை, பில் பாஸ் ஆகிவிடும். சித்திரையில் மரம் தழைக்கும், சிக்னல் கொஞ்சம் இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐப்பசியில் அதே இலை மழையில் நனைந்து தொங்கும்போது லிங்க் விழும். கருவி பழுது என்று கழற்றி அனுப்புவார்கள். கருவி திரும்பி வரும்போது மழை விட்டிருக்கும், மறுபடி ஓடும். தென்னை வேறு ரகம். காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் சிக்னல் ஏறி இறங்கும்; திரையில் வரைபடத்தைப் பார்த்தே ‘நடுவில் தென்னை இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. பைப்பை உயர்த்துங்கள், அல்லது மாடியின் வேறு மூலைக்குப் போங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 400 மீட்டர் கடக்கும்போது சிக்னல் ஏறத்தாழ 100 டெசிபெல் இழக்கும். கருவி அனுப்புவது 20, ஆன்டெனா சேர்ப்பது 16, ஆக 36. அதிலிருந்து 100 போனால் மைனஸ் 64. எதிர் முனை ஆன்டெனா மறுபடி 16 சேர்த்தால் மைனஸ் 48. மைனஸ் 65 கிடைத்தாலே நல்ல வேகம் ஓடும் என்பதால் இது தாராளம், சொல்லப்போனால் அதிகம். பவரைக் குறைத்து வைக்கலாம். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும், அவ்வளவுதான். ஆகவே 400 மீட்டர் லிங்க்குக்கு ‘15 கிலோமீட்டர் போகும் சார்’ என்று யாராவது ஒரு பெட்டியைக் காட்டினால், அந்த 15 கிலோமீட்டருக்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பெரிய டிஷ் ஆன்டெனாவைத் தூரத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்கு வாங்கச் சொல்வேன். சந்தடி. நகரத்துக்குள் இருக்கும் கல்லூரி மாடியில் ஏறி 5 கிகாஹெர்ட்ஸை ஸ்கேன் செய்து பாருங்கள். கேபிள் டிவிக்காரர், பிராட்பேண்ட்காரர், எதிர்த் திருமண மண்டபம், எல்லாரும் அங்கே இருப்பார்கள். உங்கள் கல்லூரியின் சொந்த வைஃபையும் இருக்கும்; பல இடங்களில் அதுதான் முதல் எதிரி. அகலமாகப் பார்க்கும் பேனல் ஆன்டெனா இந்தச் சத்தம் அத்தனையையும் காதில் வாங்கும். குறுகலாகப் பார்க்கும் டிஷ், எதிர்க் கட்டடத்தை மட்டும் கேட்கும். சட்டம் அனுமதிக்கும் மொத்த வலிமை ஒன்றுதான் என்பதால் டிஷ் வைத்துக் கத்த முடியாது, ஆனால் நன்றாகக் கேட்க முடியும். சேனல் அகலத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் சோதனை நாளில் எண் பெரிதாக வரும். 20 அல்லது 40 வைத்தால் எண் சிறிது, தினமும் அதே எண் வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சட்டம் என்றேன். 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். வலிமைக்கு வரம்பு உண்டு. கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் வகைச் சான்று இருக்க வேண்டும். கொட்டேஷனோடு அதன் நகலைக் கேளுங்கள். சில ஆட்கள் பவர் கூட்டுவதற்காகக் கருவியில் நாட்டின் பெயரை மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கருவி, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இப்போது கவர்ச்சியாக விற்கின்றன. வேகம் அசாத்தியம், உண்மைதான். ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜனே அந்த அலையைக் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் அளவுக்குக் குடித்துவிடும், கொட்டும் மழை அதற்கு மேலும் எடுக்கும். நான் சொன்ன 2018 அறிவிக்கையில் அந்த அலைவரிசை இல்லை. எந்த உத்தரவின்படி விற்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்காமல் கைவைக்காதீர்கள்.

பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 300 என்றோ 867 என்றோ போட்டிருப்பது காற்றில் ஓடும் வேகம். போக, வர இரண்டுக்கும் சேர்த்து, தலைப்பு (ஹெடர்) விவரங்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. பயன்படுத்தக் கிடைப்பது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட வேடிக்கை, 300 என்று அச்சடித்த மலிவு ரகங்கள் பலவற்றில் பின்னால் இருக்கும் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்தான். காற்றில் எவ்வளவு வந்தாலும் கீழே இறங்குவது நூறுக்குள். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? விடுதியில் இருபது சி.சி.டி.வி. கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட், ரெக்கார்டர் நிர்வாகக் கட்டடத்தில் என்றால் மாணவர் ஒருவர்கூடப் போனைத் தொடாமலே 80 மெகாபிட் போய்விட்டது. ரெக்கார்டரை விடுதியிலேயே வைத்தால் அது மிச்சம். கருவி மாற்றாமல் கிடைக்கும் வேகம் இது.

இனி தேனியின் இரண்டாவது பாடம். அந்தக் குழு 2008-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. வேகம் பற்றியது அல்ல. போட்ட நெட்வொர்க்கை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைப்பது பற்றியது. பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியோ காரணமில்லை, கரண்ட்தான் காரணம் என்று கண்டார்கள். மின்னழுத்தம் எகிறி அடாப்டர் எரிவது, திடீரென்று போய் வந்து ரூட்டரின் ஃப்ளாஷ் நினைவகம் கெடுவது இப்படி. லிங்க் ஏன் நின்றது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார்.

நம் வளாகங்களிலும் கதை இதுதான். கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து இருபது விநாடி ஆகிறது. நிர்வாகக் கட்டடத்தில் யூ.பி.எஸ். இருக்கும். விடுதி மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளக் பாயின்ட்டில், நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்குக் கரண்ட் கொடுக்கும் பி.ஓ.இ. அடாப்டரைச் செருகி வைத்திருப்பார்கள். வார்டன் அந்தப் பாயின்ட்டில் போன் சார்ஜ் போடுவார். இரு முனையிலும் சின்ன யூ.பி.எஸ். வையுங்கள். கருவி எடுப்பது பத்துப் பதினைந்து வாட்ஸ்தான். சாதாரண கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். அதை வெகுநேரம் தாங்கும். அடாப்டரைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, வோல்ட்டைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 24 வோல்ட் கருவியும் உண்டு, 48 வோல்ட் கருவியும் உண்டு, பிளக் இரண்டுக்கும் ஒன்றே. அவசரத்தில் மாற்றிச் செருகினால் புகைதான்.

இடி, மின்னல். கட்டடத்திலேயே உயரமான இடத்தில் இரும்பு பைப் நட்டு அதன் உச்சியில் மின்கருவியை மாட்டுகிறோம். இடிதாங்கி ஏற்கெனவே இருந்தால் நம் பைப் அதைவிடத் தாழ்ந்து, அதன் காப்பு எல்லைக்குள் இருக்க வேண்டும். பைப்பைத் தடித்த கம்பியால் எர்த்தோடு சேர்க்க வேண்டும். கேபிள் வெளிப்புறத்துக்கான ஷீல்டு போட்ட ரகமாக இருக்க வேண்டும். உள்ளே போடும் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் சீக்கிரமே பொரிந்து உதிரும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர், அதுவும் எர்த்தோடு சேர்ந்து. சர்ஜ் ப்ரொடெக்டரை மாட்டிவிட்டு அதன் பச்சைக் கம்பியைக் காற்றில் தொங்கவிட்ட இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எர்த் பிட்டைக் காட்டச் சொல்லி, அதன் அளவை எடுத்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். மலையடிவாரக் கல்லூரிகள் குரங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிளைப் பைப்புக்குள்ளேயே இறக்கினால் அது பிடித்துத் தொங்க எதுவும் இருக்காது.

கணினிப் பிரிவுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. பிரிட்ஜ் என்பதால் இரண்டு கட்டடமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். விடுதியில் யாரோ ஒரு பையன் ஸ்விட்சில் ஒரே கேபிளின் இரு முனையையும் சொருகினால், கிளம்பும் புயல் லிங்க்கைத் தாண்டி வந்து தேர்வுப் பிரிவை நிறுத்தும். விடுதிக்குத் தனி வி-லான் கொடுங்கள், முடிந்தால் ரூட்டர் வைத்துப் பிரித்துவிடுங்கள், ஸ்விட்ச்களில் லூப் தடுப்பை இயக்குங்கள். கருவி வி-லான் குறிகளை அப்படியே கடத்துமா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

கம்பெனிப் பெயர் கேட்டீர்கள். யுபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம், டிபி-லிங்க் எல்லாம் நம் சந்தையில் கிடைக்கின்றன. சாலையைத் தாண்டும் ஒரு லிங்க்குக்கு, இவற்றில் எதை எடுத்தாலும் கிகாபிட் போர்ட் உள்ள, 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஆன்டெனா ரகம் போதும். மைக்ரோடிக்கில் நெளிவு சுளிவு அதிகம், கையாளத் தெரிந்த ஆள் இருந்தால் நல்லது. பல கட்டடங்களுக்கு ஒரே இடத்திலிருந்து கொடுப்பதென்றால், விலை கூடினாலும் கேம்பியம் போன்றவற்றைப் பரிசீலிக்கலாம். நான் இதில் எதற்கும் டீலர் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து ஏணி ஏறக்கூடிய ஆள் எந்தக் கம்பெனியைக் கையாளுகிறாரோ அதை வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு போதுமென்றால் மூன்றாக வாங்குங்கள். மூன்றாவதை அதே செட்டிங் ஏற்றி அலமாரியில் வையுங்கள். மாடல் நின்றுபோய், பழைய முனையோடு பேசாத புது மாடல் வந்து, இரண்டையும் மாற்ற நேர்வதைவிட அது மலிவு. பணம் கொடுக்கும் முன் வேகச் சோதனையை இரு திசையிலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அல்ல, விடுதி நிறைந்திருக்கும் ராத்திரியில். அப்போதைய சிக்னல் அளவு, சேனல், பவர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துச் சிக்னல் மைனஸ் 48-லிருந்து மைனஸ் 60-க்கு இறங்கியிருந்தால் ஆன்டெனா திரும்பியிருக்கிறது அல்லது மரம் வளர்ந்திருக்கிறது என்று அந்தத் தாள்தான் சொல்லும். அதே தாளில் கருவியின் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிங்க் போட்ட ஆள் தொழிலை விட்டுத் துபாய் போய்விட்டார், கருவிக்குள் யாராலும் நுழைய முடியவில்லை என்று ஒரு கல்லூரியிலிருந்து போன வாரம்கூடக் கூப்பிட்டார்கள். ரீசெட் பட்டன் 18 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.